களை என்று பிடுங்கும் காட்டு நெல்



வயலில் களை எடுக்கும்போது நெல் மாதிரியே இருக்கும் ஒரு செடியைப் பிடுங்கிப் போடுகிறோம். ஏரி, குட்டை ஓரங்களிலும் அது தானாக முளைக்கும். கதிரில் நீளமான மீசை இருக்கும். முற்றியதும் மணி கொட்டிவிடும். "இது எதுக்கு ஆகும்?" என்று கேட்போம். இதுதான் காட்டு நெல். நம்ம நெல்லுக்குச் சொந்தக்காரி.

இந்தச் சொந்தக்காரி செய்த உதவியைக் கேளுங்கள். 1970-களில் ஆசிய நாடுகளில் புல்தழைக் குட்டை நோய் பரவியது. நோய் வந்த பயிர் குட்டையாகி, புல் மாதிரி தூர் தூராக வெடிக்கும். கதிர் சரியாக வராது. இது ஒரு வைரஸ் நோய். இதைப் பரப்புவது நமக்குத் தெரிந்த புகையான் பூச்சிதான்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 6,000-க்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தார்கள். நோயைத் தாங்கியது ஒன்றே ஒன்றுதான். அது நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த காட்டு நெல்!

காட்டு நெல்லில் விளைச்சல் கிடையாதே, பிறகு எப்படி? அதன் மகரந்தத்தை நல்ல ரகத்தோடு சேர்த்தார்கள். பிறந்த பயிர்களில் நோய் தாங்குவதைப் பொறுக்கி, மறுபடி மறுபடி நல்ல ரகத்தோடேயே சேர்த்தார்கள். காட்டுக் குணங்கள் குறைந்தன, நோய் தாங்கும் குணம் மட்டும் நின்றது. குர்தேவ் குஷ் என்ற நம் நாட்டு விஞ்ஞானியின் குழு 1976-ல் தந்த ஐ.ஆர். 36 ரகத்திலும் இந்தக் குணம் உண்டு. அந்த ரகம் ஒரு காலத்தில் ஒரு கோடி எக்டேருக்கும் மேல் பயிரானது.

அதோடு முடியவில்லை. ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்த குணம், பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் இருக்கிறது. இது 2008-ல் வெளியானது.

ஆனால் நோயும் சும்மா இருப்பதில்லை. புது வகை வைரஸ், புது வகைப் பூச்சி வந்துகொண்டே இருக்கும். அதனால் காட்டு நெல் நம்ம குழுவின் சேமிப்பு மாதிரி. ஆபத்து வரும்போதுதான் அருமை தெரியும். கரையெல்லாம் வீட்டு மனையாகி, குட்டை தூர்ந்துவிட்டால் அந்தச் சேமிப்பும் போய்விடும். போனது திரும்பக் கிடைக்காது.

நாம் என்ன செய்யலாம்?

* வயலுக்குள் வந்தால் பிடுங்குங்கள். விதை நெல்லில் கலக்க விடாதீர்கள்.
* ஏரி, குட்டை தூர்வாரும் வேலைக்குப் போனால், காட்டு நெல் உள்ள ஓரத்தில் கொஞ்சம் விட்டுவையுங்கள்.
* எங்கே இருக்கிறது என்று பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் சொல்லுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், நம்ம ஊரில் காட்டு நெல் எந்தக் குட்டையில் இருக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டுப் பேசுவோமா?