இருந்து ஓட்டும் புல்வெட்டி வாங்கலாமா?

பெண்களுக்கான சுயதொழில் என்றதும் எமது திட்டங்களில் எழுதப்படுபவை அநேகமாக ஒரே மாதிரியானவை. தையல், கோழி வளர்ப்பு, மா இடித்தல், ஊறுகாய் போடுதல். இவற்றில் குறை காண நான் வரவில்லை. ஆனால் ஒரு கிராமத்தில் பத்துப் பேர் தைத்தால் யாருக்குத் தைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் வேலை செய்யும் ஒரு கிராமத்தில் ஐந்து பெண்கள் புல் வெட்டும் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னபோது, ஊரில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்புக்குரியதாகத் தெரியவில்லை. அவர்களில் மூவர் கண்ணிவெடி அகற்றும் வேலையில் பல வருடங்கள் இருந்தவர்கள். பற்றை வெட்டுவதும், கொளுத்தும் வெயிலில் பாதுகாப்பு அங்கியுடன் நிற்பதும், நிலத்தைக் கவனமாகப் பார்ப்பதும் அவர்களுக்குப் புதிதல்ல. அந்த வேலை முடிந்துவிட்டது. பாடசாலை மைதானங்கள், வைத்தியசாலை வளவுகள், கோயில் வீதிகள், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் என்று வெட்டப்பட வேண்டிய புல் மாத்திரம் முடியவில்லை.

கேள்வி இயந்திரத்தைப் பற்றியது. கடைக்காரர் ஒருவர் காட்டிய படத்தில் சிறிய ரக்ரர் போன்ற ஒன்று இருந்தது. ஆசனத்தில் இருந்தபடியே ஓட்டிக்கொண்டு போனால் அடியில் உள்ள பிளேட் புல்லை வெட்டும். லீசிங்கில் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

“மிஸ், உதை வாங்கினால் வெயிலுக்கை நாரி முறியத் தேவையில்லை. ஒரு நாளிலை மைதானத்தையே முடிச்சுப் போடலாம்” என்றார் குழுவின் தலைவி அக்கா.

வாங்கலாம், வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொப்பியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம் என்றேன். அந்தக் கணக்கு வேறு சகோதரிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மூன்று வகை

முதலாவது, தோளில் கொழுவும் புல்வெட்டி. ஆறு முதல் எட்டுக் கிலோ வரை பாரம். நைலோன் நூலோ இரும்புத் தகடோ போட்டு வெட்டலாம். வேலியோரம், மரத்தடி, கல்லுள்ள இடம், இடுப்பளவு பற்றை எல்லாவற்றுக்கும் இதுதான் உதவும். அதிர்வும் பாரமும் தோளையும் கையையும் வருத்தும்.

இரண்டாவது, பின்னால் நடந்து தள்ளும் புல்வெட்டி. ஏறக்குறைய அரை மீற்றர் அகலத்துக்கு வெட்டும். சில்லு தானாக ஓடும் வகையும் உண்டு. மட்டமான சிறிய வளவுகளுக்கு ஏற்றது.

மூன்றாவது, இருந்து ஓட்டும் புல்வெட்டி. ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்துக்கு வெட்டும். பெரும்பாலானவை 150 கிலோவுக்கு மேல் பாரமுள்ளவை.

வேகத்தைக் கணக்கிடுவது கடினமல்ல. வெட்டும் அகலத்தை ஒரு மணித்தியாலத்தில் ஓடும் தூரத்தால் பெருக்க வேண்டும். திரும்புவதற்கும், வெட்டிய வரிசையில் சற்று ஏறி ஓடுவதற்கும் காற்பங்கைக் கழிக்க வேண்டும். தள்ளும் இயந்திரம் அரை மீற்றர் அகலத்தில் மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றர் போனால் ஏறக்குறைய 1,300 சதுர மீற்றர், அதாவது 5 பரப்பு வெட்டும். இருந்து ஓட்டுவது ஒரு மீற்றர் அகலத்தில் மணிக்கு 5 கிலோமீற்றர் போனால் 3,750 சதுர மீற்றர், ஏறக்குறைய 15 பரப்பு. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், 400 மீற்றர் ஓட்டப் பாதையுள்ள, நாலு ஏக்கர் வரும் மைதானத்தை முதலாவது 13 மணித்தியாலத்திலும் மற்றது நாலரை மணித்தியாலத்திலும் முடிக்கும். வித்தியாசம் பெரியதுதான்.

ஆனால் அந்த மைதானம் எங்கே?

நாங்கள் சைக்கிளிலும் நடையிலும் போய், வேலை தரக்கூடிய இடங்களை அளந்தோம். பதினான்கு இடங்களில் ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட திறந்த புல்வெளி இரண்டு மாத்திரம். மற்றவை ஐந்து, ஆறு பரப்பு வளவுகள். நடுவே தென்னை, மா, கிணறு, கொடிக்கம்பம். ஒரு மீற்றர் அகல இயந்திரம் அங்கே திரும்பும் நேரத்தில் தள்ளும் இயந்திரம் வெட்டி முடித்துவிடும். படலைகளில் சில ஆள் நுழையும் அகலம்தான். ஆகவே இயந்திரத்தை விசாரிக்கும் முன் உங்கள் பகுதியின் நிலத்தையும் படலையையும் அளந்து எழுதிவையுங்கள்.

நீண்ட நாள் வெட்டாத இடத்தில் புல் முழங்காலுக்கு மேல் நிற்கும். இருந்து ஓட்டும் இயந்திரம் அதில் அடைபட்டு நின்றுவிடும். முதலில் தோளில் கொழுவும் இயந்திரத்தால்தான் வெட்ட வேண்டும். மற்ற இரண்டும் ஒழுங்காகப் பராமரிக்கும் புல்லுக்கே உரியவை. புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரேயடியாக வெட்டாதிருப்பது நல்லது.

மழையும் தவணையும்

எமது பகுதியில் புல் வளர்வது வடகீழ்ப் பருவமழையோடு. ஐப்பசி தொடக்கம் மாசி, பங்குனி வரை வேலை இருக்கும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை புல் காய்ந்து கிடக்கும். ஆனால் லீசிங் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். இன்னொன்றும் உண்டு. புல் மிக வேகமாக வளரும் கார்த்திகை, மார்கழியில் நிலம் சேறாக இருக்கும். பாரமான இயந்திரம் களிமண்ணில் புதையும், மைதானத்தில் சில்லுத் தடம் விழும். அப்படியான நாட்களில் இலேசான இயந்திரம் வைத்திருப்பவருக்கே வேலை.

நாங்கள் போட்ட கணக்கை உதாரணத்துக்குத் தருகிறேன். விலைகளை நீங்கள் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 9 இலட்சம் ரூபா இயந்திரம் ஐந்து வருடம் உழைக்கும் என்றால், வட்டி இல்லாமலே மாதம் 15,000 ரூபா தேய்மானம். வருடத்தில் ஆறு மாதம்தான் வேலை என்றால், வேலை உள்ள ஒவ்வொரு மாதமும் 30,000 ரூபாவை அதற்காகவே ஒதுக்க வேண்டும். பெற்றோல், பெல்ட், பிளேட் எல்லாம் புறம்பு. ஏற்றி இறக்கும் கூலியும் புறம்பு. தோளில் கொழுவுவதை மோட்டார் சைக்கிளில் கொண்டு போகலாம். தள்ளுவதை லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றலாம். இருந்து ஓட்டுவதற்குப் பட்டா வாகனமும், ஏற்றுவதற்கு உறுதியான பலகையும் வேண்டும்.

கடன் என்பது எமது பெண்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் மாத்திரம் உள்ள சொல் அல்ல. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. எமது ஐவரில் இருவர் கிழமைக் கடன்காரர் படலையில் நின்று கூப்பிட்ட காலத்தை மறக்கவில்லை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது ஒதுக்கீடு முதலில் வாகனங்களுக்குத்தான் கிடைத்தது என்பதையும் ஒருவர் நினைவூட்டினார். இயந்திரம் ஓடாத மாதத்திலும் தவணை நிற்காது.

ஒரு காலின் கேள்வி

கணக்கு இப்படி ஒரு பக்கம் சாய்ந்தபோது ஐந்தாவது பெண் பேசினார். போரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக் கால் போட்டிருக்கிறார்.

“நீங்கள் சொல்லுறது சரி மிஸ். ஆனால் எட்டுக் கிலோவைத் தோளிலை போட்டுக்கொண்டு என்னாலை நாள் முழுக்க நிக்கேலாது. இருந்து ஓட்டுறதெண்டால் நானும் வெட்டுவன். கணக்குக் கொப்பியைத் தந்து என்னை மூலையிலை இருத்திப்போடாதேங்கோ.”

இது கணக்கில் வராத விடயம் அல்ல. யார் வேலை செய்ய முடியும் என்பதும் இயந்திரத் தெரிவின் ஒரு பகுதிதான். அவரையும் கூட்டிக்கொண்டு இயந்திரம் விற்கும் இரண்டு இடங்களுக்குப் போனோம். ஒன்று கியர் மாற்றும் வகை. அதன் இடது மிதியை ஒவ்வொரு முறையும் இறுக்கி மிதிக்க வேண்டும். அது அவருக்கு முடியவில்லை. மற்றது கியர் இல்லாமல் வலது கால் மிதியால் முன்னும் பின்னும் போகும் வகை. இடது மிதி பிறேக்குக்கும் எஞ்சினைத் தொடக்குவதற்கும் மாத்திரம். அதை அவர் முற்றத்தில் நாலு தரம் சுற்றி ஓட்டினார். இரண்டு கைப்பிடிகளால் திருப்பி ஓட்டும் வகையும் உண்டு என்று அங்கேதான் அறிந்தோம். கால் பாதிக்கப்பட்ட சகோதரிகள் அதையும் விசாரிக்கலாம். படத்தைப் பார்த்துக் காசு கட்டாமல், ஓட்டப் போகிறவரே இருந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை

ஆசனத்தை விட்டு எழும்பினால் பிளேட் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய இயந்திரங்களில் இந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிட்டிருப்பார்கள். அப்படியானதை வாங்க வேண்டாம்.

பெல்ட், பிளேட், வடிகட்டி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா என்று கேளுங்கள். கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றால் காத்திருக்கும் நாட்களும் உங்கள் செலவே.

குளக்கட்டிலும் வாய்க்கால் சரிவிலும் இருந்து ஓட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோக வேண்டாம், பிரளும். சந்தேகமான சரிவில் ஒரு மீற்றர் பலகையின் ஒரு நுனியை நிலத்தில் வைத்து, இரசமட்டம் பார்த்து நேராகப் பிடியுங்கள். மறு நுனிக்கும் நிலத்துக்கும் இடையில் 25 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் அந்தச் சரிவு அதற்கு ஆபத்து.

தோளில் கொழுவும் இயந்திரத்தில் கலவைப் பெற்றோல் விடும் வகையே அதிகம். லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெயா, 40 மில்லிலீற்றரா என்பது அதன் கைந்நூலில் இருக்கும். எண்ணெய் கலக்காமல் ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும். சூடான எஞ்சினுக்குப் பெற்றோல் விடக்கூடாது.

கண்ணாடி, காதுக் காப்பு, சப்பாத்து அணியாமல் வேலை தொடங்க வேண்டாம். தோளில் கொழுவுவது ஓடும்போது 15 மீற்றருக்குள் யாரும் நிற்கக்கூடாது. கல் தெறிக்கும். பிள்ளைகளை மடியில் இருத்தி ஓட்டுவது விளையாட்டல்ல.

பார்த்தீனியம் செடியைப் பூத்தபின் வெட்டினால் விதை பரவும். தோல் நோயும் இழுப்பும் வரலாம். பூக்க முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட காலம் பாவிக்காத காணிக்குள் கால் வைக்கும் முன், அது கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்பட்ட காணியா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். இதை எனக்கே சொல்லித் தந்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.

அவர்கள் எடுத்த முடிவு

குழு இரண்டு தோள் இயந்திரங்களையும், சில்லு தானாக ஓடும் தள்ளும் இயந்திரம் ஒன்றையும் சேமிப்பிலிருந்து வாங்கியது. தள்ளும் இயந்திரத்தில் பாரம் தோளில் ஏறாது என்பதால், மட்டமான வளவுகளில் ஐந்தாவது பெண் அதைப் பிடிக்கிறார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கு இருந்து ஓட்டும் இயந்திரத்துக்கென்று புறம்பாக வங்கியில் போடப்படுகிறது. ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட நாலு இடங்கள் வருட ஒப்பந்தமாக, எழுத்தில் கிடைத்தால் அதை வாங்குவது என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். வலது மிதி வகைதான் வாங்கப்படும் என்பதும் அதிலே இருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதும்போது இரண்டு ஒப்பந்தங்கள் கிடைத்திருக்கின்றன.

மற்ற இரண்டும் அவர்கள் கையில் மாத்திரம் இல்லை. மைதானமும் வளவும் வைத்திருக்கும் பாடசாலைகள், வைத்தியசாலைகள், பிரதேச சபைகள் விலைகோரும்போது ஊரிலுள்ள பெண்கள் குழுக்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பலாம். இலவசமாக எதுவும் தரத் தேவையில்லை. வெட்டிய புல்லுக்குரிய கூலியை அந்த மாதமே கொடுத்தால் போதும்.