சாவி (சொல்)

சாவி என்பது பூட்டைத் திறக்கவும் மூடவும் பயன்படும் கருவியின் பெயர். அன்றாடப் பேச்சில் நன்கு வேரூன்றிவிட்டதால் இதைத் தமிழ்ச்சொல் என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால் இக்கருவிப் பெயர் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. இதே ஒலியுடைய, வேறு பொருள் தரும் தமிழ்ச்சொல் ஒன்றும் உண்டு.

சொற்பிறப்பு

இலத்தீன் மொழியில் திறவுகோலைக் குறிக்கும் சொல் 'கிளாவிஸ்'. இது போர்த்துக்கீசியத்தில் 'சாவெ' என ஆனது. 1498இல் கோழிக்கோட்டுக்கு வந்த போர்த்துக்கீசியர், அடுத்த நூற்றாண்டில் முத்துக்குளித்துறையிலும் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டனர். ஜன்னல், அலமாரி, மேசை போன்ற வீட்டுப் பொருட்களின் பெயர்களோடு இச்சொல்லும் தமிழில் கலந்தது. இந்தியில் வழங்கும் 'சாபி'யும் இதே மூலத்தைக் கொண்டது.

பழைய பெயர்கள்

தமிழில் இக்கருவிக்குத் திறவுகோல், தாழ்க்கோல் என்னும் பெயர்கள் உண்டு. தாழ் என்பது கதவை உள்ளிருந்து அடைக்கும் கட்டை அல்லது கம்பி. 71ஆவது திருக்குறளில் இச்சொல் வருகிறது. மலையாளத்தில் இன்றும் 'தாக்கோல்' என்பதே வழக்கு. இலங்கைத் தமிழர் 'திறப்பு' என்பர். கன்னடத்தில் 'பீகத கை', அதாவது பூட்டின் கை. தெலுங்கில் 'தாளம் செவி'. அம்மொழியிலும் செவி என்பதற்குக் காது என்ற பொருள் உண்டு.

திருவரங்கத்தில்

திருவரங்கம் கோயிலின் நிர்வாகம் பெரிய கோயில் நம்பியிடம் இருந்ததாகவும், அவர் கூரத்தாழ்வானின் முயற்சியால் மனம் மாறிக் கோயிலின் சாவியை இராமானுசர் தரப்பிடம் ஒப்படைத்ததாகவும் வைணவ மரபு கூறுகிறது. இவரே பின்னர் திருவரங்கத்தமுதனார் எனப் பெயர் பெற்று, இராமானுச நூற்றந்தாதியைப் பாடியவர். இந்த வரலாற்றை இன்று சொல்வோர் 'சாவி' என்றே சொல்கின்றனர். ஆனால் இராமானுசரின் காலம் மரபுப்படி 1017–1137. போர்த்துக்கீசியர் வருவதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் முந்தைய அக்காலத்தில், திறவுகோல் என்னும் பொருளில் இச்சொல் வழங்கியிருக்க இயலாது. கோயில் வழக்கில் கதவைத் திறப்பது 'திருக்காப்பு நீக்குதல்' என்றும், அடைப்பது 'திருக்காப்பிடுதல்' என்றும் சொல்லப்படுகின்றன. இத்தொடர்களில் சாவிக்கு இடமில்லை.

வயலில் சாவி

திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர்ப் பகுதி உழவர்களுக்குச் சாவி என்றால் வேறொன்றும் நினைவுக்கு வரும். கதிர் வரும் பருவத்தில் தண்ணீரின்றி, மணி பால் பிடிக்காமல் காய்ந்துபோன பயிரைச் 'சாவியாகிவிட்டது' என்பர். இது 'சா' (இற, வாடு) என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல். சாவட்டை என்பதும் இப்பொருளில் வரும். உள்ளீடற்ற நெல் பதர் என்றும், அரைகுறையாக முற்றியது கருக்காய் என்றும் பிரித்துச் சொல்லப்படும். ஆகவே நிலம், வரி, விளைச்சல் பற்றிய பழைய ஆவணங்களில் சாவி என்று வந்தால், அதைப் பூட்டோடு தொடர்புபடுத்தாமல் விளையாத பயிர் என்றே கொள்ள வேண்டும். ஒன்று பூட்டைத் திறப்பது. மற்றொன்று குதிரையே திறக்காமல் செய்வது.

பிற வழக்குகள்

கடிகாரத்தையும் பொம்மையையும் முடுக்குவது 'சாவி கொடுத்தல்' எனப்படும். பிறர் தூண்டுதலால் மட்டுமே இயங்குபவரைச் 'சாவி கொடுத்த பொம்மை' என்பது இதிலிருந்து வந்தது. கொத்துச்சாவி குடும்பப் பொறுப்பின் அடையாளம். அது மாமியார் இடுப்பிலிருந்து மருமகள் இடுப்புக்கு மாறுவது அதிகாரம் கைமாறுவதைக் குறிக்கும். திருட்டுத்தனமாகச் செய்யப்படுவது கள்ளச்சாவி. வினாத்தாளுக்குரிய விடைத்தொகுப்புக்கும், நூல்களின் தலைப்புகளுக்கும் திறவுகோல் என்ற பழஞ்சொல்லே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. விசைப்பலகையில் உள்ளதைச் சாவி என்னாமல் விசை என்பர்.

'வாஷிங்டனில் திருமணம்' எழுதிய சா. விசுவநாதனின் (1916–2001) புனைபெயரும் சாவி. இது அவர் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்தது. பூட்டுக்கும் பயிருக்கும் தொடர்பற்றது.