குழல் பயில்வோனின் முதற் பாடம்

குழலைக் கையிலெடுத்த மாணவன் முதற்கண் எதிர்கொள்ளும் இடர் விரலில் அன்று, மூச்சிலேயே உள்ளது. ஊதுதுளையின் எதிர்விளிம்பிற் காற்று மோதினாலன்றி ஒலி பிறவாது. துளைகளை மூடி மெல்ல ஊதின் மந்தர ஸ்தாயிச் சுரம் எழும். விரல் அசையாதிருக்க, உதட்டைக் குவித்துக் காற்றை விரைவாகச் செலுத்தின் அதுவே மத்திம ஸ்தாயிச் சுரமாகும். ஆகவே விரல்நிலைகளை மனனஞ் செய்த அளவில் சுரம் கைவந்துவிடாது.

சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் குழலின் நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்பர். இடக்கையில் மூன்றும் வலக்கையில் நான்குமாக ஏழு விரல்கள் துளைகளை ஆளுமென்பதும் அவர் கூற்று. இத்துளைகளை முழுதும் மூடியும் திறந்தும் வாசிக்கையில் இயல்பாக அமைவது அரிகாம்போதி. பழந்தமிழர் செம்பாலை இதுவே என்பது அறிஞர் பலர் துணிபு.

எனினும் வாய்ப்பாட்டிற் போலவே குழலிலும் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குவதே பெருவழக்கு. அம்முறையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. ச ரி க ம என்பதன் இடைவெளிகளே ப த நி ச என்பதிலும் அமைதலின் பாடுவோனுக்கு அது எளிது. குழலோனுக்கோ சுத்த ரிஷபத்திற்கு இரண்டாந் துளையைப் பாதி மட்டும் மூடவேண்டும். சுத்த தைவதத்திற்கும் இத்தகைய அரைத்துளையே வேண்டும். மூச்சே நிலைபெறாத சிறுவனிடம் முதல் நாளே அரைத்துளையை வேண்டினால் அவன் செவி பிழைச் சுருதிக்குப் பழகிவிடும். அரிகாம்போதியிற் சில திங்கள் பயிற்றியபின் மாயாமாளவகௌளைக்கு வருதலே தக்கது. மரபுக்கு இதனால் இழுக்கில்லை.

தாளத்திலும் ஒரு வேறுபாடுண்டு. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களை (4, 2, 2) பாடுவோன் கையாற் போடுவான். குழலோனின் இரு கைகளும் குழலிற் கட்டுண்டவை. அவனுக்குக் காலே துணை. அன்றியும், மூச்சு ஐந்தாம் அட்சரத்தில் முடிந்தால் வரிசை நடுவே அறும். எனவே ஒவ்வொரு வரிசையையும் முதலிற் கையாற் தாளமிட்டுப் பாடுவித்து, பின்னரே ஊதச் செய்தல் வேண்டும். மூச்செடுக்கும் இடம் ஆவர்த்தனத்தின் இறுதி என்பதும் அப்போதே பழகவேண்டும். ஜண்டை வரிசையில் இரட்டித்து வரும் சுரத்தை நாவினால் 'து' எனத் தட்டிப் பிரிக்கலாம். மூச்சை வெட்டிப் பிரித்தல் ஆகாது.