ஓவியமும் தாளும்

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. உடல்நலத்தைப் பேணவேண்டும் என்னும் கருத்துப்படவே மக்கள் இதனைப் பெரிதும் எடுத்தாள்வர். எனினும், ஓவியம் பயிலும் மாணாக்கன் இதனை நேர்ப்பொருளிலேயே கொள்ளுதல் நன்று. பண்டைக்காலத்துச் சுவரோவியர் சுண்ணச் சாந்தை அரைத்துப் பூசி, அதனை மட்டமாக்கிய பின்னரே தூரிகையைக் கையில் எடுத்தனர். ஓலையில் எழுதியோர் பனையோலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கீறிய கோடு விளங்கும்படி கரியைத் தடவினர். எழுதப்படும் பொருளும் எழுதும் கருவியும் ஒன்றற்கொன்று இயையவேண்டும் என்பதனை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

அன்று சுவரும் ஓலையும் பெற்றிருந்த இடத்தை இன்று தாள் பெற்றுள்ளது. ஆயினும், தாளின் இயல்பை ஆராய்ந்து ஏடு வாங்குவோர் சிலரே. கடையில் முதலில் கண்ணிற்படும் டிராயிங் நோட்டை வாங்கி வருகிறான் ஒரு மாணவன். பென்சிலால் அவன் வரைந்த மாமரம் அழகாகவே அமைகிறது. அதன்மீது நீர்வண்ணத்தைத் தீட்டியவுடன் தாள் நெளிகிறது. வண்ணம் திட்டுத்திட்டாகப் படிகிறது. ஒருமுறை தேய்த்த இடத்தில் மறுமுறை தூரிகை பட்டதும் தாளின் நார் கிளம்பி உருள்கிறது. 'எனக்கு ஓவியம் வராது' என்று அவன் ஏட்டை மூடிவிடுகிறான். குற்றம் தாளினுடையது, பழியை ஏற்பதோ அவன் கை! இவ்வாறு தூரிகையைக் கைவிட்ட இளைஞர் பலராவர்.

தாள் என்பது நீரில் ஊறிய நுண்ணிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் படிந்து உலர்ந்த ஏடேயாகும். 'தாள்' என்னும் சொல்லுக்குத் தண்டு என்னும் பொருளும் உண்டு. மரத்தின் தண்டிலிருந்து எடுத்த நாரே இன்று பெரும்பாலான காகிதங்களுக்கு மூலப்பொருளாதலின், பெயரும் பொருளும் பொருந்தியிருத்தல் காண்க. எனினும், தூய்மை செய்யப்படாத மரக்கூழில் 'லிக்னின்' என்னும் பொருள் தங்கிவிடுகிறது. வெயிலும் காற்றும் பட, அது தாளைப் பழுப்பாக்கும். பழைய செய்தித்தாளைக் கண்டோர் இதனை அறிவர். பருத்தி நாராற் செய்த தாள் நெடுங்காலம் வெண்மை குன்றாதிருக்கும். அதன் விலை மிகுதி. பயிற்சி செய்வோர்க்கு அது தேவையுமில்லை. பாதுகாத்து வைக்கவேண்டிய படத்திற்கே அது வேண்டப்படும்.

நார் மட்டும் இருந்தாற் போதாது. பசை ஊட்டப்படாத தாள் மையொற்றும் தாளைப் போன்று ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆதலின், தாள் செய்வோர் கூழிலேயே பசையைக் கலப்பர். உயர்ந்த நீர்வண்ணத் தாளாயின், செய்து முடித்த பின்னர் ஜெலட்டின் கரைசலில் அதனைத் தோய்த்தும் எடுப்பர். ஓர் ஏடு வண்ணத்திற்கு ஆகுமா ஆகாதா என்பதைப் பெரும்பாலும் இப்பசையே முடிவு செய்கிறது. மேலட்டையின் அழகு செய்வதில்லை.

வண்ணம் தீட்டாது கோட்டால் மட்டும் அமைந்த படத்தைப் பண்டைத் தமிழர் புனையா ஓவியம் என்று வழங்கினர். பென்சிலால் வரையும் படமும் அத்தகையதே. பென்சிலின் கரியைத் தாளின் நுண்ணிய சுரசுரப்பே உராய்ந்து பற்றிக்கொள்கிறது. மெல்லிய கோடும் நுணுக்கமும் வேண்டுவோர் சற்று வழவழப்பான தாளையும், மென்மையான பென்சிலால் நிழல் தீட்டுவோர் சிறிது சுரசுரப்பான தாளையும் கொள்க. ஒரு சதுர மீட்டர்த் தாளின் எடை இத்தனை கிராம் என்று ஏட்டின் அட்டையில் குறித்திருப்பர். பென்சிலுக்கு 100 முதல் 150 கிராம் வரை போதும். பேனா மையால் எழுதுவோர்க்கு நன்கு பசையூட்டிய வழவழப்பான தாளே ஏற்றது. சுரசுரப்பான தாளில் எஃகு முள் நாரிற் சிக்கி மையைத் தெறிக்கும். பசை குறைந்த தாளில் கோடு மயிர்விட்டாற்போலப் பரவும். கரிக்கோலும் பாஸ்டலும் இதற்கு நேர்மாறானவை. அவற்றின் தூள் தங்குதற்குக் குழிகள் வேண்டும். அன்றியும், ஏட்டை மூடியதும் ஒரு பக்கத்துத் தூள் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுமாதலின், இடையில் மெல்லிய தாள் ஒன்றை வைத்துக் காத்தல் வேண்டும்.

வெள்ளிக்கோலின் செய்தி வியப்பானது. வெறுந்தாளில் வெள்ளிக்கம்பியால் எவ்வளவு கீறினும் கோடு விழாது. எலும்புச் சாம்பல் போன்றதொரு பொடியைப் பசையிற் குழைத்துத் தாளின்மேற் பூசினால், அக்கம்பியே மெல்லிய சாம்பல்நிறக் கோட்டை இடும். செருமானிய ஓவியர் டியூரர் 1520, 1521ஆம் ஆண்டுகளில் நெதர்லாந்து நாட்டிற்குச் சென்றபோது, இவ்வாறு பூச்சிட்ட ஏடொன்றை உடன்கொண்டு சென்று கண்ட காட்சிகளை வரைந்தார்.

தாளை மிகக் கடுமையாகச் சோதிப்பது நீர்வண்ணமே. ஈரம் பட்டதும் நார்கள் பருக்கின்றன. பருத்த இடம் விரிந்து, விரியாத இடத்தோடு பிணங்கி நெளிகிறது. 300 கிராம் எடையுள்ள தாள் இதனைப் பெரிதும் தாங்கும். அதனினும் மெலிந்ததாயின், முன்னரே நீரில் நனைத்து, பலகைமீது நாற்புறமும் பசைநாடாவால் ஒட்டி உலரவிட்டுத் தீட்டுவர். நீர்வண்ணத்தில் ஒளியைத் தருவது தாளின் வெண்மையேயாகும். மெல்லிய வண்ணத்தினூடே அவ்வெண்மை தோன்றுவதனாலேதான் படம் ஒளிர்கிறது. எனவே, மங்கிய தாளில் தீட்டிய வானம் மங்கியே நிற்கும். பாலன்ன போஸ்டர் வண்ணத்திற்கு இக்கட்டுப்பாடு இல்லை. அது தாளை மறைத்துவிடுவதால் நிறத்தாளிலும் அதனைத் தீட்டலாம்.

இங்கிலாந்தில் கெண்ட் பகுதியிலிருந்த வாட்மன் என்பார் 1750களில் நெய்த கம்பிவலையைக் கொண்டு வரித்தடம் இல்லாத தாளைச் செய்தார். அதற்கு முற்பட்ட தாள்களில் கம்பிகளின் தடம் வரிவரியாகத் தெரியும். வண்ணம் அவ்வரிகளிற் சென்று தங்கும். வாட்மன் தாளோ மட்டமானது. ஜெலட்டின் ஊட்டிய உறுதியும் உடையது. டர்னர் என்னும் ஆங்கில ஓவியர் அத்தாளைப் பெரிதும் பயன்படுத்தினார். 1818ஆம் ஆண்டில் அவர் யார்க்ஷயரிலுள்ள ஃபார்ன்லி மாளிகையில் நண்பர் ஃபாக்ஸ் என்பாருடன் தங்கியிருந்தார். போர்க்கப்பலின் பருமை விளங்கும்படி ஒரு படம் எழுதித் தருமாறு நண்பர் வேண்டினார். அருகிலிருந்து கண்ட நண்பரின் மகன், தாள் தோயுமட்டும் டர்னர் வண்ணத்தை ஊற்றினார் என்றும், பின்னர் வெறிகொண்டவர்போல் அதனைக் கீறினார், சுரண்டினார், தேய்த்தார் என்றும் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். நண்பகல் உணவிற்குள் கடலும் கப்பலும் உருப்பெற்றுவிட்டன! கையின் ஆற்றல் பெரிதே. ஆயினும், அத்தனை அலைப்பையும் தாங்காத தாளாயிருந்தால் அக்கப்பல் கரை சேர்ந்திராது.

எண்ணெய் வண்ணம் வெறுந்தாளுக்கு ஆகாது. எண்ணெய் நாரில் ஊறி நாளடைவில் தாளை முறியச் செய்யும். வெண்பூச்சு இட்ட தாளிலேயே அதனைத் தீட்டுதல் வேண்டும்.

ஏட்டின் அளவும் கட்டும் சிறியனவாகத் தோன்றினும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. கான்ஸ்டபிள் என்னும் ஓவியர் 1813, 1814ஆம் ஆண்டுகளில் பயன்படுத்திய சட்டைப்பை அளவான ஏடுகள் இரண்டு இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சியகத்தில் உள்ளன. வயலிலும் ஆற்றங்கரையிலும் அவர் பென்சிலால் வரைந்த சிறு படங்கள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. படகு கட்டும் காட்சியைத் தீட்டிய அவருடைய புகழ்பெற்ற எண்ணெய் ஓவியத்திற்கு 1814ஆம் ஆண்டு ஏட்டின் ஒரு சிறு பக்கமே வித்தாயிற்று. பேரேடு வீட்டில் தங்கிவிடும். சிற்றேடோ சந்தைக்கும் வரும், குளக்கரைக்கும் வரும். நூலால் தைத்த ஏடு நன்கு விரிந்து கிடக்கும். ஓரத்தில் பசையால் ஒட்டிய மட்டமான ஏடு, பக்கம் பக்கமாகக் கழன்று போகும்.

எல்லாவற்றிற்கும் ஒரே ஏடு என்று விற்கப்படுவன எதற்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. விலை குறைந்த பென்சில் ஏடு ஒன்றும், சில பக்கங்களேயுள்ள கனத்த நீர்வண்ண ஏடு ஒன்றும் வாங்குதலே சிக்கனமாகும். விலையுயர்ந்த ஏட்டைத் தொடக்கத்திலேயே வாங்கினால், தாளைக் கெடுத்துவிடுவோமோ என்று கை அஞ்சும். அஞ்சிய கையினின்றும் கோடு பிறவாது.

ஏட்டை வாங்கியவுடன் கடைசிப் பக்கத்தைச் சோதனைக்கென ஒதுக்கிவிடலாம். அதில் ஒரு துளி நீரை இட்டால், நல்ல தாளில் அது சிறிதுநேரம் முத்துப்போல் நிற்கும். பசையற்ற தாளில் உடனே மறைந்து பின்புறம் கசியும். அதனருகே பென்சிலால் ஒரு கோடிட்டு அழித்துப் பார்க்கலாம். தாள் கிழியாமலும் நார் எழாமலும் இருக்கிறதா என்பது புலனாகும். மைக்கோடு ஒன்றும் வண்ணத்தீற்று ஒன்றும் அப்பக்கத்திலேயே இட்டு, உலர்ந்தபின் திருப்பிப் பார்த்தால், அவ்வேட்டிற்குரிய கருவி இன்னதென்பது விளங்கிவிடும்.