நம்பிக்கையைப் புண்படுத்தாமல் பகுத்தறிவு பேசலாமா?

மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் நகர வீதிகளில் பவனி வரும்போது, அம்மாள் வருத்தம் கண்ட பிள்ளை குணமடைந்தமைக்காக நேர்த்திக்கடன் செலுத்தும் தாய்மாரும் அக்கூட்டத்தில் இருப்பர். அவர்களில் ஒருவரிடம், "அம்மனாவது ஆத்தாளாவது, இது வெறும் வைரசு" என்று ஒருவர் கூறுவதாக வைத்துக்கொள்வோம். கூறப்பட்ட செய்தி சரியானதே. ஆயினும் அத்தாயின் செவியில் விழுவது தம் தெய்வத்தின் மீதான ஏளனம் மாத்திரமே. அடுத்த தடவை வீட்டில் நோய் வந்தால் அவர் இந்த மனிதரிடம் ஆலோசனை கேட்கமாட்டார்.

அதற்காக வாய் மூடியிருக்கவும் இயலாது. சின்னம்மை பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தானாகவே ஆறிவிடும். வயது வந்தோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். வைரசு எதிர்ப்பு மருந்து கொப்புளம் தோன்றிய 24 மணித்தியாலத்துக்குள் ஆரம்பிக்கப்பட்டாலே கூடிய பலன் தரும். மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்ற அச்சத்தில் அந்த நேரம் கழிந்துவிடுகிறது.

அனுபவமுள்ள குடும்பநல உத்தியோகத்தர் வேறு விதமாகப் பேச்சைத் தொடங்குவார். "ஆச்சி, வாசலில் வேப்பிலை கட்டுவது வெளியாட்கள் உள்ளே வராதிருக்கத்தானே?" ஆம் என்பார் ஆச்சி. "அப்படியானால் வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் மருமகளையும் விலக்கி வையுங்கள், ஒருமுறை வைத்தியரிடமும் காட்டிவிடுவோம்." நோய் தொற்றும் என்பதை அந்த வழக்கம் முன்னரே அறிந்திருக்கிறது. அம்மன் உண்டா இல்லையா என்பது அங்கே பேசப்படவே இல்லை. பேசவேண்டிய தேவையும் எழவில்லை.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு இன்னும் தெளிவான முன்மாதிரி உண்டு. சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதை வழியிலேயே கேள்வியுற்ற கலீபா உமர் (ரழி) அவர்கள், தோழர்களுடன் ஆலோசித்தபின் திரும்பிச் செல்லத் தீர்மானித்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீபா விடையளித்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியும் அப்போது எடுத்துக்காட்டப்பட்டது. தடுப்பூசிக்குத் தயங்கும் முஸ்லிம் பெரியவரிடம் ஆய்வேடுகளை அடுக்குவதைவிட இச்சம்பவத்தை நினைவூட்டுவது பயன் தரும்.

இலங்கையில் பகுத்தறிவு என்றதும் நினைவுக்கு வருபவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் (1898-1978). கேரளத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர். அற்புத ஆற்றலை நிரூபிப்போருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று அவர் 1963இல் விடுத்த சவாலே பெரும் புகழ் பெற்றது. அந்தச் சவாலால் மனம் மாறியவர் எத்தனை பேரென்று தெரியாது, கோபமடைந்தோர் பலர். அவருடைய மறுபக்கம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கல் விழுகிறது, பேய் நடமாடுகிறது என்று கலங்கிய வீடுகளுக்குச் சென்று, குடும்பத்தினர் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பொறுமையாக விசாரித்தார். பேய்க்குப் பின்னால் சொல்லமுடியாத துயரோடு ஓர் இளைஞரோ யுவதியோ இருப்பதைப் பல தடவைகள் கண்டார். சவாலைவிட இந்த விசாரணைகளே பின்பற்றத்தக்கவை என்பது எமது எண்ணம்.

பேசுபவர் யார் என்பதும் முக்கியம். 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்ட மாவட்டம் இது. இத்தகைய சூழலில் பிற சமூகத்தவர் ஒருவரின் நியாயமான கேள்விகூட அச்சுறுத்தலாகவே ஒலிக்கும். விஞ்ஞானத்தின் பெயராலும் அநீதி நிகழ்ந்துள்ளது. கொவிட் தொற்றில் இறந்தோரை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்க, நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் காட்டி 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்த விவகாரத்தில் ஆதாரம் நம்பிக்கையாளரின் பக்கமே நின்றது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. அதனை அனுபவித்த குடும்பத்திடம் "விஞ்ஞானம் சொல்கிறது" என்று பேச்சைத் தொடங்குவது வீண்.

திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு கூறும் அலுவிகாரை மாத்தளை நகருக்கு அண்மையிலேயே உள்ளது. மரபு என்பதற்காகவோ, குரு சொன்னார் என்பதற்காகவோ எதையும் ஏற்காதீர்கள் என்று காலாமர்களுக்குப் புத்தர் கூறிய உபதேசம் அத்தொகுப்பில் அடங்கியுள்ளது. இன்று பிறர் மதத்தை இடித்துரைக்கவே அதனை எடுத்தாளுவோர் உண்டு. கேட்போர் தம் முன்னுள்ள போதனைகளைத் தாமே சோதித்துப் பார்க்கவே அது கூறப்பட்டது.

ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வணங்குபவரின் மனம் நோவது வேறு, வியாபாரியின் வருமானம் குறைவது வேறு. வைத்தியசாலைக்குப் போகாதே என்று தடுத்துவிட்டு, தாயத்துக்கும் கழிப்புக்கும் பணம் வாங்குபவர் எந்த மதத்தவராயினும், அவர் புண்படுவாரே என்று தயங்கத் தேவையில்லை. அவரைப் பற்றி நோயாளியின் வீட்டாரிடம் நேரடியாகவே சொல்லலாம். தேவையெனில் பொலிஸிலும் சொல்லலாம்.