பாட்டை அறிவோம், பாடியவரை அறிவோமா?

மரக்காணத்து உப்பளங்களில் கோடை வெயிலில் வேலை நடக்கும்போது, களைப்புத் தீர யாரேனும் ஒருவர் பாட்டெடுப்பது வழக்கம். என் அத்தை எடுப்பது பெரும்பாலும் 'சுராங்கனி'தான். "இது யார் பாடினது அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன். "ஏதோ சினிமாப் பாட்டுடா" என்றார். நம் கல்லூரி நண்பர்களிடம் கேட்டபோதும் அதே விடைதான் கிடைத்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த விடையே.

அப்பாடலைக் கடல் கடந்து பரப்பியவர் இலங்கைத் தமிழரான ஏ. ஈ. மனோகரன். ஈழத்தில் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' என்றும், தமிழகத்தில் 'சிலோன் மனோகர்' என்றும் அழைக்கப்பட்டவர்.

அவர் பாடிய பாணியின் வேர் பைலா. 'ஆடுதல்' என்னும் பொருளுடைய போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. 1505-இல் போர்த்துக்கீசியர் இலங்கையில் கால் வைத்தனர். அவர்களும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் விட்டுச் சென்ற ஆட்டப் பாட்டுகளே இதன் மூலம். காவல் துறையில் பணியாற்றிய வாலி பாஸ்டியன் இருபதாம் நூற்றாண்டில் அதைச் சிங்கள மக்களின் விருப்ப இசையாக்கினார். மூன்று மூன்றாகப் பிரியும் ஆறு எண்ணிக்கைத் தாளம் அதன் உயிர். கேட்பவர் கால் தானே ஆடத் தொடங்கும்!

தமிழில் மெல்லிசை என்றாலே சினிமா என்றிருந்த காலம் அது. அப்போது கிதாரும் பொங்கோவும் கொண்டு, சினிமாவின் துணையின்றியே தமிழ்ப்பாட்டு வாழும் என்று காட்டியவர்கள் ஈழத்துப் பொப்பிசைக் கலைஞர்கள். 'சின்ன மாமியே' பாடிய நித்தி கனகரத்தினம் அவர்களில் ஒருவர், மனோகரன் மற்றொருவர். 'சுராங்கனி'யில் சிங்களமும் தமிழும் கைகோத்து வருகின்றன. ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்த செய்திதான் பொருள். கடற்கரையில் வாழும் எங்களுக்கு அதற்கு உரை எதற்கு?

1977-இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் 'சுராங்கனி' மீண்டும் ஒலித்தது. பாட்டு சினிமாவின் சொத்தாயிற்று. மனோகரன் பெயர் பின்னுக்குப் போயிற்று. அவர் நடிகரும்கூட. செங்கை ஆழியான் நாவலைத் தழுவி 1978-இல் ஈழத்தில் எடுக்கப்பட்ட 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். தமிழகத் திரையிலோ அவருக்குப் பெரும்பாலும் சிறு வேடங்களே கிடைத்தன.

1983-இன் இனக்கலவரமும் பின்வந்த நீண்ட போரும் இலங்கையில் இரு இனங்களைப் பிரித்தன. இரு மொழிகளும் ஒரே பாட்டில் சிரித்து விளையாடிய காலமும் உண்டு என்பதற்கு 'சுராங்கனி' சாட்சி. அந்தச் சாட்சியைப் பாடிய மனோகரன் 2018 சனவரி 22 அன்று சென்னையில் காலமானார்.

நாங்கள் வாரிக் குவிக்கும் உப்பு எத்தனையோ வீட்டுச் சோற்றில் கரைகிறது. வாரியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் பாட்டுக்கு அப்படி ஆகலாமா? எழுத்துக்கு ஆசிரியர் பெயர் போடும் நாம், பாட்டுக்குப் பாடியவர் பெயரைச் சொல்ல வேண்டாமா?

நண்பர்களே, அடுத்த கல்லூரி நாள் விழாவில் நம் இன்னிசைக் குழு 'சுராங்கனி'யைப் பாடும்போது, ஒலிபெருக்கியில் ஒரு வரி முன்னதாகச் சொல்லட்டும்: "இது ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய பாடல்." அத்தைக்கு நான் சொல்லிவிட்டேன்.