ஆபீஸ் டூர் போன இடத்தில் ஊர் சுற்றியவர்கள்... இதெல்லாம் தெரியுமா?

கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீட்டிங் முடிந்துவிடும். அன்று ராத்திரியே ரயிலேறிவிடலாமா, இல்லை சனி, ஞாயிறு தங்கி ஊரைப் பார்த்துவிட்டு வரலாமா? டூர் போகும் ஒவ்வொருவர் மனசிலும் ஓடுகிற கேள்வி இது. ஐ.டி. கம்பெனிகள் வந்த பிறகு முளைத்தது என்றா நினைக்கிறீர்கள்? கிட்டத்தட்ட 700 வருஷக் கதை! இதற்குள் ஒரு நோபல் பரிசு இருக்கிறது, உலகம் முழுக்கப் பரவிய காபிக்கடை இருக்கிறது, பதவியைப் பறிகொடுத்த அரசியல்வாதிகள் இருக்கிறார்கள், வருமான வரிகூட இருக்கிறது. வாருங்கள், வரிசையாகப் பார்ப்போம்.

சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் ஆய்வு செய்தவர் யார் தெரியுமா?

நம்ம திருச்சியில் பிறந்த சி.வி.ராமன்! 1921ல் பிரிட்டிஷ் பேரரசின் பல்கலைக்கழகங்கள் ஆக்ஸ்ஃபோர்டில் மாநாடு கூட்டின. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகப் போனார் ராமன். அவருக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தையும் பார்த்தார். அங்கே குவிமாடத்துக்குள் வட்டமாக ஒரு மாடம் உண்டு. சுவரோரம் நின்று ஒருவர் கிசுகிசுத்தால், எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் இருப்பவர் காதில் தெளிவாக விழும். நாமாக இருந்தால் ‘அட!’ என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். ராமன் அங்கேயே சோதனை செய்து கட்டுரை எழுதிவிட்டார்.

இன்னும் கேளுங்கள். அந்தப் பயணத்தில்தான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதுதான் காரணம் என்று விஞ்ஞானி ராலே பிரபு சொல்லி வைத்திருந்தார். ராமன் ஒரு நிக்கோல் பட்டகத்தை வைத்துப் பிரதிபலிப்பை வடிகட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலம்தான்! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று புரிந்தது. கப்பல் பம்பாய் துறைமுகத்தில் நிற்கும்போதே ‘நேச்சர்’ இதழுக்குக் கட்டுரை எழுதினார். அங்கிருந்து கிளம்பிய ஆராய்ச்சிதான் 1928ல் ராமன் விளைவாகவும், 1930ல் நோபல் பரிசாகவும் முடிந்தது.

யாழ்ப்பாண மன்னரிடம் ‘மலையைப் பார்க்கணும்’ என்று கேட்ட நீதிபதி?

உலகப் பயணி இபின் பதூதா! மாலத்தீவில் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தவர், 1344ல் மதுரை சுல்தானின் ஆட்சியில் இருந்த நம் கரைக்குக் கப்பலேறினார். காற்று திசை மாறி இலங்கையில் கொண்டுபோய் ஒதுக்கியது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துகளைக் காட்டி, வேண்டியதைக் கேளும் என்றார். மனிதர் என்ன கேட்டார் தெரியுமா? ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்றார். நாம் சிவனொளிபாதமலை என்று சொல்கிறோமே, அதுதான். மன்னர் பல்லக்கும் கொடுத்து, துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் அனுப்பி வைத்தார். மலையேறி இறங்கிய பிறகுதான் மதுரைப் பக்கம் வந்தார்!

கண்காட்சிக்குப் போனவர் காபிக்கடைக்குள் நுழைந்தால்?

ஸ்டார்பக்ஸ்! 1983ல் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அந்த கம்பெனியின் ஊழியர். அப்போது ஸ்டார்பக்ஸ் கடையில் காபிக்கொட்டைதான் விற்றார்கள், குடிக்கக் காபி கிடையாது. வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி ஒன்றுக்காக இத்தாலியின் மிலான் நகருக்குப் போனார். ஹோட்டலிலிருந்து நடந்துபோகும் வழியெல்லாம் எஸ்பிரெஸோ கடைகள், நின்றபடியே காபி, அரட்டை. ‘நாமும் இப்படிப் போடலாமே’ என்று முதலாளிகளிடம் சொன்னார், அவர்களுக்கு ஆர்வமில்லை. வெளியே வந்து தனிக்கடை போட்டவர், 1987ல் ஸ்டார்பக்ஸையே விலைக்கு வாங்கிவிட்டார்!

ரெட் புல் பானமும் இதே ரகம்தான். டீட்ரிக் மாட்டஷிட்ஸ் என்ற ஆஸ்திரியர் பற்பசை விற்கும் வேலையாக 1982ல் தாய்லாந்து போனார். விமானப் பயண அசதி தீர அந்த ஊர் பானம் ஒன்றைக் குடித்தார். அது பிடித்துப்போய், அதைத் தயாரித்தவரோடு கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார். 1987ல் ஆஸ்திரியாவில் ரெட் புல் விற்பனைக்கு வந்தது.

கடனை அடைக்க வந்தவர் தண்டவாளத்தில் சறுக்கிய கதை?

எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் தொழிலில் நொடித்துப் போனார். கடனை அடைக்க 1895ல் உலகம் சுற்றிச் சொற்பொழிவு செய்யக் கிளம்பினார். 1896ல் இந்தியா. டார்ஜிலிங்கில் பேசி முடித்ததும் என்ன செய்தார்? இஞ்சின் இல்லாத சின்னத் தள்ளுவண்டியில் உட்கார்ந்து மலை ரயில் பாதையில் 35 மைல் சரசரவென்று இறங்கினார்! வாழ்க்கையிலேயே அவர் மிகவும் ரசித்த நாள் அதுதானாம். பயணக் கட்டுரையும் புத்தகமாக வந்தது, கடனும் அடைந்தது.

சர்க்கார் முழுசும் மலையேறியது தெரியுமா?

வெயில் தாங்காத வெள்ளைக்காரர்கள் 1864லிருந்து கோடைக்குத் தலைநகரையே கல்கத்தாவிலிருந்து சிம்லாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். கோப்பு, குமாஸ்தா எல்லாம் கூடவே! சென்னை மாகாண அரசுக்கு ஊட்டி. மலைவாசஸ்தலத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை இன்றைக்குப் புதுசு போலப் பேசுகிறோம்!

சர்க்கார் மட்டுமா? சுற்றுலாத் தொழிலே ஒரு மாநாட்டில்தான் சூடுபிடித்தது. 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். எதற்கு? மதுவிலக்குக் கூட்டத்துக்கு!

சனிக்கிழமை தங்கினால் டிக்கெட் மலிவு, தெரியுமா?

அமெரிக்க விமான கம்பெனிகள் பல வருஷம் வைத்திருந்த விதி இது. வேலையாகப் போகிறவர் வார இறுதிக்கு வீடு திரும்பத் துடிப்பார். எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். சுற்றுலாப் பயணி தங்குவார். அதனால் சனிக்கிழமை இரவு தங்கினால்தான் குறைந்த கட்டணம். கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்தன. ஹோட்டல் வாடகை சேர்த்தாலும் லாபம்! ‘இருந்து, ஊர் சுற்றிவிட்டே வாப்பா’ என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள்.

பாயின்ட் பதவியைப் பறிக்குமா?

பறிக்கும்! 2002ல் ஜெர்மனியில் கிரெகோர் கீஸி, செம் ஓஸ்டெமிர் என்ற இரண்டு அரசியல்வாதிகள், அரசு வேலையாகப் பறந்து சேர்த்த மைலேஜ் பாயின்ட்டுகளைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளியே வந்து, பொறுப்பை விட்டு விலகினார்கள். அமெரிக்காவிலோ 2001 டிசம்பரில் சட்டமே மாறி, அரசு ஊழியர் அந்தப் பாயின்ட்டைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது!

அதே ஜெர்மனியில் இன்னொரு வழக்கு. லாஸ் வேகாஸ் கம்ப்யூட்டர் கண்காட்சிக்குப் போனவர் தங்கியது 7 நாள், வேலை 4 நாள். விமானச் செலவுக்கு வரிச்சலுகை உண்டா? ஏழில் நான்கு பங்குக்கு உண்டு என்று 2009ல் உச்ச வரி நீதிமன்றம் பிரித்தே கொடுத்துவிட்டது!

நம்மூரிலும் இருக்கிறது. வருமான வரி விதிகளில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. அலுவலகப் பயணத்தை விடுமுறையாக நீட்டித்து அந்தச் செலவையும் கம்பெனி ஏற்றால், நீட்டித்த நாட்களின் செலவு மட்டும் உங்கள் வருமானத்தில் சேரும். கூட வந்த வீட்டுக்காரம்மாவின் டிக்கெட்டைக் கம்பெனி கொடுத்தாலும் அப்படியே!

ஆகவே, அடுத்த டூர் ஆர்டர் கைக்கு வந்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். தங்கப்போவதை மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். ஆபீஸ் பில், சொந்த பில் இரண்டையும் முதல் நாளிலிருந்தே பிரித்து வையுங்கள். வெளிநாடு என்றால் விசா வேலைக்கும் சுற்றுலாவுக்கும் செல்லுமா என்று பாருங்கள். அமெரிக்காவின் பி-1/பி-2 விசா இரண்டையும் சேர்த்தே தருகிறது. வேலை ஆபீஸ் காசில், ஊர் சுற்றல் சொந்தக் காசில். இந்தக் கோட்டைத் தாண்டாதவரை கூச்சமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தங்கிவிட்டே வாருங்கள்!